இயக்குபவர் வேறு

அதிகாலை இரண்டே முக்கால்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மூடிய பேக்கரி முன்னால் ஷைஜின் நிற்கிறான்.
வெள்ளைச் சட்டை, கறுப்பு டை,
பெட்டியில் நீலப் பறவை.
என் பெட்டியிலும் அதே பறவைதான்.

ஏறினதும் பெட்ரோலுக்குப் பாதிக் காசு நீட்டுவான்.
வாங்கிக்கொள்வேன்.
வாங்காவிட்டால் அடுத்த தடவை
பஸ்ஸில் போய்விடுவான்.

குழித்துறைப் பாலம். ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா
என்று பார்க்க முடியாத இருட்டு.
காரில் என் இடப்பக்கம் அவன்.
விமானத்தில் அது கேப்டன் இருக்கை.
போன வருஷம் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

பெங்களூர் நான் பதினோரு வருஷம் ஓட்டிய தடம்.
மழைக்காலத்தில் எந்த மேகத்தை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்
என்று உடம்புக்கே தெரியும்.
சித்திரையில் அதைக் குத்தகைக்கு விட்டார்கள்.
சின்ன கம்பெனி, சின்ன ஜெட், எழுபது இருக்கை.
வாலில் எங்கள் பறவை, டிக்கெட்டில் எங்கள் எண்,
அடியில் எறும்பு எழுத்தில்
'இயக்குபவர் வேறு.'

அந்த வேறு ஆள்
சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு சொல்கிறான்:
"அண்ணா, நேத்து ஆறு தடவ ஏறி எறங்கினேன்.
ரூமுக்குப் போகும்ப பதினொண்ணு."
எனக்கு நேற்று இரண்டு தடவை.
அவனைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம்.
அதனால்தான் அவன் இருக்கிறான் என்பதையும்
நாங்கள் பேசியதில்லை.

சாலையோரத் தோட்டத்தில்
தலையில் விளக்கு கட்டி யாரோ பால் வெட்டுகிறார்கள்.
மரத்துக்கு மரம் வெளிச்சம் நகர்கிறது.
அருமனையில் இவன் அப்பா விற்ற ஒன்றரை ஏக்கரில்தான்
இவனுடைய லைசென்ஸ் முளைத்தது.

"குத்தகைக்கு எடுத்தவன்
பட்டைய ஆழமா வெட்டுவான்" என்கிறான்,
கண்ணாடியில் தலை சாய்த்து.
"ரெண்டு வருஷத்துல மரம் தீந்திரும்.
அவனுக்கு என்ன, மரம் அவனுக்கதா?"
கொஞ்ச நேரம் கழித்து, தூக்கக் குரலில்:
"இதுல நான் குத்தகைக்காரனா அண்ணா, மரமா?"

பதில் யோசிப்பதற்குள் தூங்கிவிட்டான்.

என் சட்டைப் பையில் சங்கத்தின் தாள்.
பத்து மணிக்குள் கையெழுத்து வேண்டும்.
அவர்களுக்கு நாம் பயிற்சி தர மாட்டோம்,
மூப்புப் பட்டியலில் அவர்களைச் சேர்க்க விட மாட்டோம்.
ஓய்வு போதாது, அனுபவம் போதாது,
யார் ஓட்டுகிறார்கள் என்று பயணிக்குத் தெரியாது.
ஒவ்வொரு வரியும் உண்மை.
ஆதாரம் வாய் திறந்து தூங்குகிறது,
கன்னத்தில் ஷேவ் பண்ணும்போது வெட்டிய கீறல்.

வியாழக்கிழமை என் மகள் ஹாஸ்டலுக்குப் போகிறாள்.
அவள் டிக்கெட்டிலும் அந்த எறும்பு எழுத்து.
அன்றைக்கு நீயா என்று நேற்று இவனிடம் கேட்டேன்.
"நான்தான். அன்னைக்கு நாலாவது தடவ அது."
புதன் ராத்திரி நன்றாகத் தூங்கு
என்று சொல்ல வந்தேன்.
அதை அவனுக்காகவா சொல்வேன்?
சொல்லவில்லை.

படந்தாலுமூட்டில் வேகத்தடை.
தூக்கத்தில் அவன் வலக்கை நீண்டு
கியர் கம்பைத் துழாவுகிறது.
"கியர் டவுன்" என்கிறான், தெளிவாக.
இருபது வருஷப் பழக்கம், என் வாய் தானாக
"டவுன், மூணு பச்சை" என்கிறது.
திருப்தியாகக் கையை மடியில் வைத்துக்கொள்கிறான்.

களியக்காவிளை சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னால்
வண்டியை ஓரம் கட்டினேன்.
ஹெட்லைட் அணைத்தேன், எஞ்சின் அணைக்கவில்லை,
ஏசி நின்றால் விழித்துவிடுவான்.
பத்து நிமிஷம் கொடுக்கலாம்.
எட்டு.

டார்ச் அடித்தபடி ஒரு போலீஸ்காரர் வந்தார்.
கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினேன்.
வெளிச்சம் என் சட்டையில் விழுந்தது,
அவன் சட்டையில் விழுந்தது,
பின்சீட்டில் இரண்டு பறவைகள் மேல் நின்றது.
"பைலட்டுகளா? ரெண்டு பேரும் ஒரே கம்பெனியா?"

பையில் தாள் மடிப்பு நெஞ்சில் குத்தியது.
ஷைஜின் குறட்டை விட ஆரம்பித்திருந்தான்.
"ஆமா சார்," என்றேன், மெதுவாக,
"கொஞ்சம் லைட்ட அந்தப் பக்கம் திருப்புங்க."